இவளிடம் மறுபடி வருவீர்களா?

போன வாரம் பெரியவள் குளியலறைக் கதவைத் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுததோடு நிறுத்தியிருந்தோம். அவள் அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். தண்ணீர் வீணானதுதான் மிச்சம்.

எதற்கு அழுதாள் என்பது மறந்துபோனவர்களுக்காக ஒரு வார்த்தை. பயிற்சி நிலையத்து ஆலோசகர் சின்னவளைப் பற்றி அம்மாவிடம் ஸ்பீக்கர் போனில் பேசியதைக் கதவோரம் நின்று கேட்டிருந்தாள். மார்க்கை மட்டும் பார்த்தால் கஷ்டம்தான், பத்துக்கு மூன்று வாய்ப்பு என்று சொல்லலாம், நேர்காணலில் அசத்தினால்தான் உண்டு என்றார் அவர். அதைக் கேட்டதும் பெரியவளுக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. கூடப் பிறந்தவளுக்கு இடம் கிடைக்காது என்றதும் இப்படிக் குளிர்கிறதே என்றுதான் அழுகை. அழுத பிறகும் குளிர்ச்சி போகவில்லை என்பது வேறு விஷயம்.

கூடப் பிறந்தவர்கள்தான், ஆனால் அப்பா வேறு. பெரியவளின் அப்பா அவள் நடை பழகும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக், மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர். அவருடைய ஆட்களுக்கென்று ஒரு மொழி உண்டு. நகரத்தில் உள்ள அத்தனை பேரும் ஒரே தெருவுக்குள் அடங்கிவிடுவார்கள். அவருக்குப் பிறந்தவள் சின்னவள். அவள் அவரை அப்பா என்பாள், பெரியவள் சித்தப்பா என்பாள். அவரும் எங்காவது பெரியவளை அறிமுகப்படுத்தும்போது, "இது என் சம்சாரத்தோட மூத்த பொண்ணு" என்பார். உரிமை கொண்டாடிவிடக் கூடாதே என்ற கூச்சத்தில் அவர் சொல்லும் வார்த்தை அது. பெரியவளுக்கு ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று தைக்கும்.

மருத்துவக் கல்லூரியில் இப்படிச் சிறு கூட்டமாக இருப்பவர்களுக்கென்று சில இடங்கள் வைத்திருக்கிறார்கள். அதற்காக யாரையும் கூப்பிட்டுப் பாய் போட்டு உட்கார வைப்பதில்லை. அந்த இடங்களுக்கும் அடிதடிதான், நேர்காணலில் சல்லடை போட்டுத்தான் எடுப்பார்கள். ஆனால் வாசல் வரைக்குமாவது போகச் சின்னவளுக்கு வழி இருந்தது. அதே வயிற்றில் பிறந்த பெரியவளுக்கு இல்லை. பெரியவள் தொண்ணூறுக்கு மேல் வாங்கியவள். இரண்டு தடவை முட்டி மோதியவள். இரண்டாவது தடவை காத்திருப்போர் வரிசையில் தனக்கு முன்னால் நின்றவளோடு கதவு சாத்திக்கொண்டதைப் பார்த்தவள். சின்னவளோ எண்பதை எட்டிக்கூடப் பார்க்காதவள். வயிறு எரியாமல் என்ன செய்யும், சொல்லுங்கள்.

நேர்காணல் நாள் காலையில் வீடு தலைகால் புரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா முட்டையை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனாள். சித்தப்பா சின்னவளின் ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறேன் என்று பாதியைத் தன் கைக்கே போட்டுக்கொண்டிருந்தார்.

பெரியவள் தேநீரோடு வந்து உட்கார்ந்ததும் அவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"இன்னிக்கு என்ன வியாதிம்மா உனக்கு?"

அது அந்த வீட்டின் தினசரிக் கேலி. டாக்டராக முடியாத பெரியவளுக்கு அதே கல்லூரியில் நோயாளியாக வேலை கிடைத்திருந்தது. மாணவர்கள் பேசிப் பழகவும் கேள்வி கேட்டுப் பழகவும் ஆட்கள் வேண்டுமல்லவா? ஒருநாள் மூச்சு வாங்கும், ஒருநாள் தலை சுற்றும், ஒருநாள் கரு கலைந்துபோன பெண்ணாக அழவேண்டும். எழுதிக் கொடுத்ததை நடித்துக் காட்டிவிட்டு, எதிரே இருந்த பிள்ளை எப்படி நடந்துகொண்டது என்று கடைசியில் மார்க்கும் போட வேண்டும். பெரியவள் அதில் கெட்டிக்காரி. அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால், விஷயம் தெரிந்த டாக்டர்களே பதறி எழுந்துவிடுவார்கள்.

"தலைவலி," என்றாள் பெரியவள். அது பொய்.

நீ அங்கேதானே இருப்பாய், தங்கச்சியைக் கொஞ்சம் கவனித்துக்கொள் என்றாள் அம்மா. இன்று நேர்காணல் பக்கம் எனக்கு வேலை இல்லை, இரண்டாம் வருஷத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பு இருக்கிறது என்றாள் பெரியவள். அதுவும் பொய். நேர்காணலுக்கு வருகிற பிள்ளைகள் அறை அறையாகப் போக வேண்டும். அதில் ஓர் அறையில் வார்டு போல நாடகம் நடக்கும், அங்கே நோயாளியின் உறவுக்காரியாக உட்காரப் போகிறவள் அவள்தான்.

ஏன் மறைத்தாள் என்று கேட்டால் அவளுக்கே நேராகப் பதில் சொல்ல வராது. உள்ளே ஓர் ஆசை இருந்தது. தங்கை திணறுவதை ஒரே ஒரு தடவை கண்ணெதிரே பார்த்துவிட வேண்டும்.

அப்போதுதான் சின்னவள் அறையிலிருந்து வெளியே வந்தாள். பெரியவளின் இளநீலச் சட்டையைப் போட்டிருந்தாள். பெரியவள் தன் இரண்டு நேர்காணல்களுக்கும் போட்டுக்கொண்டு போன சட்டை அது. அலமாரியின் அடித்தட்டில் கிடந்ததை அம்மா கேட்காமல் கொள்ளாமல் எடுத்து இஸ்திரி போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

"அம்மாதான் எடுத்துக் கொடுத்தாங்கக்கா. போட்டுக்கட்டா?"

"தாராளமாப் போட்டுக்கோ. எனக்கு அது ஒண்ணும் கிழிக்கல, உனக்காவது கிழிக்கட்டும்."

சின்னவள் சிரித்தாள். பெரியவளுக்கு அந்தச் சட்டை எப்போதும் தோளில் தொங்கும். இவளுக்கு அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்திருந்தது. அதைக்கூடத் தன்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை என்பது பெரியவளுக்கே கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருந்தது.

சித்தப்பா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தன் அக்காவின் படத்தைப் பார்த்தார். அவர் எந்த நல்ல காரியத்துக்குக் கிளம்பினாலும் அங்கே ஒரு நிமிஷம் நிற்பார்.

"உங்க அத்தை மட்டும் இருந்திருந்தா இன்னிக்கு உன்னைக் காலேஜ் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டிருப்பா. பிடிவாதக்காரி. ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டார். கேட்டாளா?"

வீட்டில் எல்லோரும் பலமுறை கேட்டுப் புளித்த பேச்சு. சின்னவள் குனிந்து ஷூவை மாட்டிக்கொண்டாள். காது மடல் சிவந்திருந்தது. பயந்து கிடக்கிறாள் என்று பெரியவள் நினைத்தாள். நினைக்கவே இதமாக இருந்தது.

மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லி அம்மா சித்தப்பாவின் கறுப்புக் குடையைச் சின்னவள் கையில் திணித்தாள். பெரியவள் அதற்கு முன்பே படியிறங்கிவிட்டாள். லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கும் அந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது.

கல்லூரியில் காலைக் கூட்டம். நடிக்க வருகிறவர்களுக்கெல்லாம் மேலே ஒரு பொறுப்பாளர் அம்மாள் உண்டு. கண்டிப்பானவர், ஆனால் நல்லவர். வருஷா வருஷம் கேட்பதை இந்த வருஷமும் கேட்டார். இன்று வருகிற பிள்ளைகளில் உறவு, அக்கம்பக்கம், தெரிந்த வீட்டுப் பிள்ளை என்று யாராவது உண்டா? உண்டென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், அந்தப் பிள்ளை வரும்போது மட்டும் வேறு ஆளை உட்கார வைத்துவிடலாம் என்றார்.

அவ்வளவு சுலபம். யாரும் யாரையும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். பெரியவளின் கை பாதி தூரம் எழும்பியது. எழும்பிய கையால் கொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

அப்பா வேறு என்பதால் பெயரின் பின்பாதியும் வேறு. கேட்டாலொழிய யாருக்கும் தெரிய வழியில்லை.

அவளுடைய அறையில் இரண்டு நாற்காலி, ஒரு சின்ன மேஜை, துடைத்துக்கொள்ளக் காகிதக் கைக்குட்டை. மூலையில் ஸ்வெட்டர் போட்ட மூத்த பெண் டாக்டர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பேச அனுமதி இல்லை. பார்த்துக் குறித்துக்கொள்வது மட்டும்தான் வேலை. மணி அடித்தால் ஒரு பிள்ளை வரும், மறுபடி அடித்தால் போய்விடும்.

இன்றைய நாடகம் இதுதான். பெரியவளின் நாத்தனார் வார்டில் படுத்திருக்கிறாள், உள்ளூர்ப் பேச்சு தெரியாதவள். வியாதி முற்றியது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வருகிற பிள்ளை வார்டில் உதவிக்கு இருப்பவர், நோயாளியின் மொழி தெரிந்தவர் என்று வைத்துக்கொள்ள வேண்டும். சும்மா புண்தான், மாத்திரையில் ஆறிவிடும் என்று நாத்தனாரிடம் சொல்லச் சொல்லி அந்தப் பிள்ளையை இவள் கெஞ்ச வேண்டும். பிள்ளை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

காலையிலிருந்து வந்த பிள்ளைகள் எல்லாம் ஒரே பாட்டுப் பாடினார்கள். நோயாளிக்கு உண்மையை அறியும் உரிமை இருக்கிறது என்றார்கள். பெரியவளுக்கு அந்த வாக்கியம் நன்றாகவே தெரியும். தன்னுடைய நேர்காணலில் இதே மாதிரி ஒரு கேள்விக்கு, இதைவிட அழகாக, தங்குதடையில்லாமல் அவளும் அதைத்தான் சொன்னாள். அப்போது எதிரே உட்கார்ந்திருந்தவர் தலையை ஆட்டிவிட்டு ஜன்னலைப் பார்த்தது இன்னும் ஞாபகம் இருந்தது.

ஒவ்வொரு பிள்ளை போன பிறகும் அவள் முன்னால் இருந்த டேப்லெட்டில் ஒரே ஒரு கேள்வி வரும். இவரிடம் நீங்கள் மறுபடி வருவீர்களா? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் தொட வேண்டும். ஆறு போட்டாள், ஏழு போட்டாள், ஒரு வாய்த்துடுக்குக்காரனுக்கு இரண்டு போட்டாள். பத்து போடும் பழக்கம் அவளுக்கு எப்போதுமே கிடையாது.

மணி அடித்தது. நீலச் சட்டை உள்ளே வந்தது.

சின்னவள் கதவைத் தாண்டியதுமே நின்றுவிட்டாள். அக்கா என்று வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பிறகு மூலையில் இருந்த டாக்டர் பக்கம் திரும்பினாள். சொல்லிவிடத்தான் திரும்பினாள், பெரியவளுக்கு அது தெரிந்தது. தெரிந்துதான் முந்திக்கொண்டாள்.

"எங்க நாத்தனாரோட பாஷை தெரிஞ்ச பொண்ணு நீங்கதானா? உட்காருங்க. டாக்டர் சொன்னதை அவங்ககிட்ட நீங்கதான் எடுத்துச் சொல்லணும்."

வீட்டில் அதட்டி வேலை வாங்குகிற அக்கா, வாங்க போங்க என்று பேசுகிறாள். சின்னவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். பெரியவள் மளமளவென்று தன் பாடத்தை ஒப்பித்தாள். சின்னவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நோயாளிக்கு உரிமை என்று ஆரம்பித்தாள், பாதியில் விட்டாள். மறுபடி ஆரம்பித்து மறுபடி விட்டாள். கை இரண்டும் மடியில் ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன.

இதைப் பார்க்கத்தான் வந்திருந்தாள் பெரியவள். பார்த்தாயிற்று. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பொறாமைக்கு ஒரு கெட்ட பழக்கம், வயிறு நிறைந்தது அதற்குத் தெரியவே தெரியாது. எழுதிக் கொடுத்த பேச்சில் இல்லாத ஒன்று அவள் வாயிலிருந்து வந்து விழுந்தது.

"பாஷை தெரிஞ்சா போதுமா? அந்தப் பாஷைக்காரங்கன்னுதானே உங்களை இங்க உள்ளேயே விட்டிருக்காங்க. அதை விட்டா வேற என்ன தகுதி இருக்கு உங்களுக்கு?"

மூலையில் பேனா நின்றது.

சின்னவள் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. கை பிசைவது நின்றுவிட்டது.

"தகுதி இல்லைங்க," என்றாள். "நீங்க கேக்கறதை நான் ஏற்கெனவே ஒரு தடவை பண்ணிட்டேன்."

எழுதிக் கொடுத்த பேச்சில் இதற்கு வசனம் இல்லை. சின்னவளே தொடர்ந்தாள்.

"எங்க ஆளுங்களுக்கு டாக்டர் பேசுறது புரியாது. சின்ன வயசுலேருந்து நான்தான் ஸ்கூலுக்கு மட்டம் போட்டுட்டுக் கூடப் போவேன். எங்க அத்தைக்கு மார்ல கட்டி வந்தப்ப எனக்குப் பதினோரு வயசு. டாக்டர், உடனே ஆபரேஷன் பண்ணணும், இல்லன்னா பரவிடும்னார். அத்தை என் முகத்தையே பார்த்துக்கிட்டு என்னடி சொல்றாருன்னு கேட்டாங்க. எனக்குப் பயமாயிடுச்சு. கொழுப்புக் கட்டிதானாம், தானா கரைஞ்சிடுமாம்னு சொல்லிட்டேன். அத்தை ஆபரேஷனுக்கு ஒத்துக்கறாங்களான்னு டாக்டர் கேட்டார். வேண்டாங்கறாங்கன்னு அவர்கிட்டயும் நானே சொன்னேன்."

ஸ்வெட்டர் டாக்டர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அத்தை மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போறப்ப ரொம்பத் தாமதமாயிடுச்சு. வீட்ல எல்லாரும் அத்தை பிடிவாதக்காரின்னு சொல்லுவாங்க. அத்தை பிடிவாதமே பிடிக்கலைங்க. அவங்களை யாரும் கேக்கவே இல்ல."

சின்னவள் குனிந்து ஒரு மூச்சு விட்டுவிட்டு மறுபடி பேசினாள், இப்போது வார்டுப் பெண்ணாக.

"உங்க நாத்தனார் பக்கத்துல நான் உட்கார்ந்துக்கறேன். ஒரே மூச்சுல சொல்ல வேண்டாம், அவங்க எவ்வளவு கேக்கறாங்களோ அவ்வளவு சொல்லலாம். அழுதா கூட இருக்கலாம். நீங்களும் வாங்க. ஆனா பொய்யா எடுத்துச் சொல்ல மட்டும் என்னைக் கேக்காதீங்க. என்னால இன்னொரு தடவை முடியாது."

மணி அடித்தது. வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

டேப்லெட்டில் கேள்வி வந்து நின்றது. இவரிடம் நீங்கள் மறுபடி வருவீர்களா?

பெரியவளுக்கு முதலில் எது தோன்றியது என்று சொன்னால் நீங்கள் அவளைத் திட்டுவீர்கள். திட்டுங்கள். அத்தைக்காக வருத்தம் வரவில்லை, தங்கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. எனக்குச் சொல்ல இப்படி ஒன்று இல்லாமல் போயிற்றே என்றுதான் தோன்றியது. தொண்ணூறு மார்க்கும் மனப்பாடமும் வைத்திருந்தவளிடம் இல்லாத ஒன்றை, ஸ்கூலுக்கு மட்டம் போட்டுவிட்டுத் திரிகிறது என்று அவள் வருஷக்கணக்காகக் கரித்துக்கொட்டிய கழுதை வைத்திருக்கிறது. அந்தத் துக்கத்தின் மேல்கூடப் பொறாமைப்பட்டாள்.

அடுத்ததாகத்தான் தான் செய்து வைத்திருப்பது புரிந்தது.

இப்போது எழுந்து, இவள் என் தங்கை என்று சொல்லலாம். சொன்னால் இந்த அறையில் நடந்தது அத்தனையும் செல்லாது. வேறு ஆளை வைத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். அந்தப் பேச்சை ஒரே நாளில் இரண்டு தடவை பேச யாராலும் முடியாது, அதுவும் முன்பின் தெரியாதவளிடம். காலையில் கையை ஒழுங்காகத் தூக்கியிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. சொல்லாமலே இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

விரல் நான்கின் மேல் போய் நின்றது. நான்கு போட்டால் போதும், பத்துக்கு மூன்று என்று ஆலோசகர் சொன்னது இரண்டாகிவிடும்.

ஆனால் கேள்வி பொல்லாத கேள்வி. நல்ல பெண்ணா, மார்க் உண்டா, எந்த ஆட்கள் என்றெல்லாம் அது கேட்கவில்லை. நாளைக்கு நிஜமாகவே தன் உடம்பில் ஒரு கட்டி வந்து படுத்திருந்தால் அந்தக் கதவைத் திறந்துகொண்டு யார் வர வேண்டும் என்று அது கேட்டது. பெரியவளுக்குப் பதில் தெரிந்திருந்தது. நடிப்பைத் தொழிலாக வைத்திருப்பவளுக்கு அந்த ஓர் இடத்தில் நடிக்க வரவில்லை.

போ, எடுத்துக்கொண்டு போ என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே பத்தைத் தொட்டாள். வாழ்த்திக் கொடுத்த பத்து என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தோற்றுப்போய்க் கொடுத்தது.

இடைவேளையில் ஸ்வெட்டர் டாக்டர் அவளைத் தேடிக்கொண்டு வந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். எழுதிக் கொடுத்ததில் இல்லாததையெல்லாம் கேட்டீர்களே, அப்படிக் கேட்காவிட்டால் அந்த நீலச் சட்டைப் பெண் வாயே திறந்திருக்க மாட்டாள், நல்ல காரியம் செய்தீர்கள் என்று பாராட்டினார். பெரியவள் தலையாட்டினாள். தேநீர் நாக்கைச் சுட்டது.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. பெரியவள் நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தபோது, கட்டிடத்தின் கீழ்ப்படியில் சின்னவள் உட்கார்ந்திருந்தாள். அவளும் தெப்பமாக நனைந்திருந்தாள். நீலச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"மேல போகாம இங்க என்னடி பண்ற?"

"உனக்காகத்தான் இருக்கேன்." சின்னவள் நகர்ந்து இடம் விட்டாள். "நீ ஏன் அங்க இருந்தன்னு கேக்க மாட்டேன். என்ன மார்க் போட்டன்னும் கேக்க மாட்டேன். அப்பாகிட்ட மட்டும் அத்தை விஷயத்தைச் சொல்லிடாதக்கா. இடம் கிடைச்சா, அதுக்கப்புறம் நானே சொல்லிடறேன். இடம் கிடைக்காம வெறுங்கையோட என்னால சொல்ல முடியாது."

பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தகுதி என்ன என்று கேட்டேனே, அது நாடகத்துக்காக இல்லை, நிஜமாகவே உன்னைக் குத்தத்தான் கேட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். சின்னவள் ஏற்கெனவே தெரியும் என்பது போலச் சட்டைக் கையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"சொல்ல மாட்டேன்," என்றாள் பெரியவள். அன்று காலையிலிருந்து அவள் சொன்னவற்றில் மெய்யாகச் சொன்னது அது ஒன்றுதான்.

இருவரும் மேலே போனார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு சேர்ந்து படியேறினார்கள். பெரியவளுக்கு வயிற்றெரிச்சல் அடங்கிவிடவில்லை. ஆனால் ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்திருந்தது. தங்கைக்கு இடம் கிடைத்தால் அழுதுவிட்டு, பிறகு பழகிக்கொள்ளலாம் என்றுகூட நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் சித்தப்பா நாற்காலியில் தன் நல்ல சட்டைகள் இரண்டையும் விரித்து வைத்துக்கொண்டு எது தேவலை என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டிருந்தார். பெண்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"குடையைக் காலேஜ்லயே விட்டுட்டு வந்துட்டியாமே. அந்தப் பொறுப்பாளர் அம்மா போன் பண்ணினாங்க. நீ கொடுத்திருந்த என் நம்பரைப் போட்டாங்களாம். போட்டா, அவங்க போன்ல பெரியவ பேரு வருதாம். அவ வேலைக்குச் சேர்ந்தப்ப வீட்டு நம்பர்னு என் நம்பரைத்தானே கொடுத்தா. அவங்களுக்கு ஒரே குழப்பம்."

பெரியவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க அவளுக்கு யாருன்னு கேட்டாங்க." சித்தப்பா பெரியவளைப் பார்த்தார். கொஞ்சம் வெட்கப்பட்டார். "எப்பவும் சொல்ற மாதிரி சொல்ல எனக்கு மனசு வரல. ரெண்டும் என் பொண்ணுங்கதான், ஒருத்தி உங்ககிட்ட வேலை பார்க்கறா, ஒருத்தி உங்ககிட்ட படிக்க வரப்போறான்னு சொன்னேன். சத்தமாவே சொன்னேன். அந்த அம்மா அக்கா தங்கச்சியான்னு ரெண்டு தடவை கேட்டாங்க. நாளைக்குக் காலையில மூணு பேரும் வாங்கன்னாங்க. நாளைக்கு எனக்கு லீவு சொல்லியாச்சு."

பதினைந்து வருஷத்துக்கு மேலாக அந்த வார்த்தைக்காகப் பெரியவள் சின்னவளைப் பார்த்துப் பொருமியிருக்கிறாள். என் பொண்ணு. இதோ கிடைத்துவிட்டது, அதுவும் சத்தமாக. வாங்கி வைத்துக்கொள்ளத்தான் கை வரவில்லை.

நாளைக்கு அந்த அம்மாளுக்கு எதிரே மூன்று நாற்காலி போடுவார்கள். அந்த அறையில் என்ன பேசினீர்கள் என்று கேட்பார்கள், யாருக்கும் பத்து போடாத அக்கா தங்கைக்கு என்ன போட்டாள் என்று பார்ப்பார்கள். சித்தப்பா நல்ல சட்டை போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

கோடு போட்டது போடவா, வெள்ளை போடவா என்று அவர் கேட்டார். அம்மா வெள்ளை என்றாள். இருவரும் இஸ்திரிப் பெட்டியைத் தேடிக்கொண்டு உள்ளே போனார்கள்.

சின்னவள் நனைந்த சட்டையோடு அக்காவின் அருகே வந்தாள். கேட்க மாட்டேன் என்றதை இப்போது மெதுவாகக் கேட்டாள்.

"எவ்வளவுக்கா போட்ட?"

"பத்து."

சின்னவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கொஞ்சம் குறைச்சுப் போட்டிருக்கக் கூடாதாக்கா?"